சத்தமில்லாமல் சாத்தும் கதவு: திருநகர் வீடு ஒன்றில் பழைய கப்போர்டுகளுக்கு சாஃப்ட் குளோஸ் போட்ட நிகழ்வு ஆய்வு

2023 பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்து, ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் நான் தொடர்ந்து கவனித்து வந்த ஒரு வேலையின் பதிவு இது. மதுரையில் மரவேலை எடுத்துச் செய்கிறவன் நான். வீட்டாரின் சம்மதத்தோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி எழுதியிருக்கிறேன். 'இருக்கிற கப்போர்டுக்கு சாஃப்ட் குளோஸ் போட முடியுமா?' என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். புதிதாகச் செய்யும் வேலையில் அது எளிது. பல வருடம் ஓடிய கதவில் போடுவதற்கு வேறு கவனம் வேண்டும். இந்த வீட்டில் ஒரு பகுதி நன்றாக அமைந்தது, ஒரு பகுதியில் நானே இரண்டு தடவை தவறு செய்தேன். இரண்டையும் எழுதுகிறேன்.

பின்னணி

திருநகரில் 1990களில் கட்டிய தனி வீடு. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், அவர் மனைவி, அவருடைய 81 வயதுத் தாயார் ஆகிய மூவர் இருக்கிறார்கள். மகன் குடும்பம் கோவையில். சமையலறையை 2016இல் புதுப்பித்திருந்தார்கள். மேடைக்கு மேலே பத்தடி நீளத்துக்கு பிளைவுட் பெட்டி அடித்து, ஒன்பது கதவு போட்டு, மைக்கா ஒட்டியிருந்தது. கீழே பழைய கடப்பாக் கல் தடுப்புகள் அப்படியே இருந்தன.

தாயாரின் அறை சமையலறைக்கு அடுத்தது. இடையில் நாலரை இஞ்ச் சுவர்தான். அந்தச் சுவரிலேயே மேல் கப்போர்டு முழுவதும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், கப்போர்டுக்கு நேர் கீழே, அந்த அம்மாவின் கட்டில் தலைமாடு. கதவு ஒன்று அடித்துச் சாத்தினால் பெட்டி அதிரும், பெட்டியோடு சுவர் அதிரும், உள்ளே அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளும் சேர்ந்து ஒலிக்கும். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சமையலறையில் என் ஆசாரியை ஒரு கதவைச் சாதாரணமாக விட்டுப் பார்க்கச் சொன்னேன். காதில் கேட்டதைவிட முதுகில்தான் அதிகம் தெரிந்தது.

அந்த அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. விடியக்கருக்கலில்தான் கண்ணசருவார். மருமகள் காபி போட எழுந்து சமையலறைக்குப் போகிற நேரமும் அதுதான். டிகாக்ஷன் பாத்திரம் ஒரு கதவு, சர்க்கரை ஒரு கதவு, டம்ளர் ஒரு கதவு. "வேணும்னே அடிச்சுச் சாத்துறா. நான் இருக்கது பிடிக்கல" என்று தாயார் மகனிடம் சொல்லியிருக்கிறார், ஒரு நாள் இரண்டு நாளல்ல, வருடக்கணக்கில். மருமகளுக்கு 60 வயது. "நான் கைய எடுக்குறதுக்குள்ள அதுவே இழுத்துக்குதுங்க. பிடிச்சுப் பிடிச்சுச் சாத்துனா மணிக்கட்டு வலிக்குது" என்றார் என்னிடம். இருவரும் சொன்னது அவரவர் அளவில் உண்மை. சாதாரண ஆட்டோ கீலின் வேலையே அதுதான். கதவு பாதி வரும்வரை சும்மா இருக்கும். கடைசிக் கொஞ்ச தூரத்தில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெடுக்கென்று இழுத்துச் சாத்திவிடும். கையில் பிடித்திருந்தால் ஒழிய யார் சாத்தினாலும் சத்தம் வரும்.

இன்னொரு இடம் கூடம். அங்கே சுவருக்குள் அமைந்த புத்தக அலமாரி. பர்மா தேக்குச் சட்டம், தேக்குக் கதவுகள் நான்கு, ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம், ஒன்றரை அடி அகலம். முந்தைய வீட்டில் இருந்ததைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே வைத்தது என்றார்கள். ஒவ்வொரு கதவுக்கும் மூன்று இரும்புக் கீல். உள்ளே வீட்டுக்காரரின் தந்தை வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இரண்டு தட்டு நிறைய. இதில் இடது ஓரக் கதவு மட்டும் மத்தியானங்களில் தானாக அடித்துக்கொள்ளும்.

என் கைக்கு வருவதற்கு முன்

வீட்டுக்காரர் ஆன்லைனில் ஒட்டும் வகை டேம்பர் 24 வாங்கியிருந்தார், ரூ.1,150. விரல் நீளப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சின்ன பிஸ்டன். பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் கதவு வந்து பிஸ்டனில் மோதும். பிஸ்டன் மெதுவாக உள்ளே போகும். கதவும் மெதுவாகச் சாத்தும். கொள்கையில் தவறில்லை. அவரே இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினார்.

சமையலறையில் ஒரு வாரம் நன்றாக வேலை செய்திருக்கிறது. அந்த ஒரு வாரம் தாயார் எதுவும் சொல்லவில்லை என்பதை மருமகள் என்னிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. தாளிக்கும் புகை படியாத மைக்கா எந்த வீட்டுச் சமையலறையிலும் கிடையாது. அடுப்புக்கு மேலே இருந்த ஒன்று திறந்திருந்த குழம்புச் சட்டியில் விழுந்த அன்று, மிச்சத்தையும் வீட்டுக்காரர் பிய்த்து எடுத்துவிட்டார்.

கூடத்தில் வேறு மாதிரி. டேம்பரைக் கைப்பிடிப் பக்கம் மேல் சட்டத்தில் ஒட்டியிருந்தார். கதவு சத்தமில்லாமல் வந்தது, ஆனால் ஒரு விரல் இடைவெளியிலேயே நின்றுவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்தபோது பக்கங்களுக்கிடையே வெள்ளிப்பூச்சி. தட்டின் மூலையில் பல்லி முட்டை. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள் பார்த்ததும், எடுத்த முடிவும்

சாஃப்ட் குளோஸ் என்று எல்லோரும் சொல்வதில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. கதவை இழுத்துச் சாத்துவது ஸ்பிரிங். அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தி இறக்குவது டேம்பர். டேம்பருக்கு இழுக்கத் தெரியாது. சமையலறைக் கதவில் ஸ்பிரிங் ஏற்கெனவே இருந்தது, அதனால் டேம்பர் சேர்ந்ததும் முழுமையாக வேலை செய்தது. தேக்குக் கதவின் இரும்புக் கீலில் ஸ்பிரிங்கே இல்லை. அங்கே டேம்பர் கதவை நிறுத்தியது, அதற்கு மேல் கதவைக் கொண்டுபோக ஆளில்லை. போதாததற்கு, பிஸ்டனை மறுபடி வெளியே கொண்டுவர அதற்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது. அது கதவை வெளியே தள்ளிக்கொண்டும் இருந்தது. ஒரு விரல் இடைவெளிக்கு அதுதான் காரணம். இதை வீட்டுக்காரருக்குக் கதவை ஆட்டிக் காட்டி விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார்.

சமையலறைக்கு எனக்கு மூன்று வழி தெரிந்தது. டேம்பரை ஒட்டுவதற்குப் பதிலாக ஸ்க்ரூ போட்டு நிறுத்தலாம். பெட்டியின் விளிம்பில் 10 மி.மீ. ஓட்டை போட்டு உள்ளே சொருகும் பிஸ்டன் போடலாம்; அல்லது கீலையே டேம்பர் உள்ளடங்கிய கீலாக மாற்றிவிடலாம். முதல் இரண்டும் மலிவு. ஆனால் கீல்களைத் தொட்டுப் பார்த்தபோது பதினெட்டில் ஐந்தின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, இரண்டின் ஸ்க்ரூ கையாலேயே சுற்றியது. ஏழு வருடப் பழைய கீலுக்குப் புது டேம்பர் போட்டால் அடுத்த வருடம் மறுபடி ஒரு வேலை வரும். அதனால் கீலையே மாற்றுவது என்று சொன்னேன். வீட்டுக்காரர் செலவைக் கேட்டு யோசித்தார். மனைவி, "ஒரே தடவையா முடிச்சிருங்க" என்றார்.

கடப்பாக் கல் தடுப்புக் கதவுகளைத் தொடவில்லை. கல்லில் கீல் நிற்காது. உள்ளே மர ரீப்பர் அடித்துத்தான் போட வேண்டும், தொட்டிக்குக் கீழே ஈரம் வேறு. அவற்றில் கதவு மோதும் இடத்தில் சிலிக்கோன் பட்டன் (மெத்தென்ற சின்னப் பொட்டு) ஒட்டியதோடு சரி.

சமையலறை: கீல் மாற்றிய விதம்

முதல் தவறு கடையிலேயே நடந்தது. இந்தக் கீல்களில் 0 கிராங்க், 8 கிராங்க், 16 கிராங்க் என்று மூன்று உண்டு. கதவு பக்கப் பலகையின் விளிம்பை முழுவதும் மூடினால் 0. நடுத் தடுப்பு ஒன்றை இரண்டு கதவுகள் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டு மூடினால் 8. கதவு பெட்டிக்குள் அடங்கினால் 16. நான் ஓரத்துக் கதவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு ஒன்பது ஜோடியும் 0 வாங்கி வந்தேன். இந்தப் பெட்டியில் ஓரப் பலகையில் தொங்குவது இரண்டே கதவு. மற்ற ஏழும் நடுத் தடுப்புகளில். இரண்டாவது கதவில் மாட்டியவுடனே அது பக்கத்துக் கதவின் மேல் ஏறி நின்றது. அன்று மத்தியானம் வெளி வீதிக் கடைக்குத் திரும்பிப் போய் ஏழு ஜோடியை 8 ஆக மாற்றி, கூட ஒரு ஜோடியும் வாங்கி வந்தோம். அரை நாள் போனது. எல்லாக் கதவையும் திறந்து எண்ணியிருந்தால் ஐந்து நிமிடம்.

இரண்டாவது, ஓட்டை. கீலின் கப் உட்காரும் குழி எல்லா நிறுவனத்துக்கும் பெரும்பாலும் 35 மி.மீ. தான், ஆகவே பழைய குழியிலேயே புதுக் கீல் உட்காரும் என்று நம்புவோம். குழி பொருந்தும். கப்பின் இரண்டு காதிலும் இருக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி பொருந்தாது. சில கம்பெனிகளில் 45 மி.மீ., சிலவற்றில் 48, சிலவற்றில் 52. இங்கே பழையது 48, வாங்கி வந்தது 52. பக்கத்துக்கு 2 மி.மீ. தான் வித்தியாசம், அந்த 2 மி.மீ. தான் தொந்தரவு. புது ஸ்க்ரூ பாதி மரத்திலும் பாதி பழைய ஓட்டையிலும் இறங்கி, சாய்ந்து, பழைய இடத்துக்கே ஓடும். தீக்குச்சியும் பெவிகாலும் வைத்து அடைப்பது நம் ஊர் வழக்கம். கனமில்லாத கதவுக்கு அது தாங்கும். நாங்கள் மூங்கில் குச்சியைச் சீவி, பெவிகால் தொட்டு அடித்து, இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் விளிம்போடு விளிம்பாக அறுத்துவிட்டுப் புது ஓட்டை போட்டோம். அன்றிரவு ஒன்பது கதவும் கூடத்தில் பாயில் அடுக்கிக் கிடந்தன. இரண்டு நாள் வேலையாக வைத்துக்கொண்டதற்கு இந்த இரவுதான் காரணம்.

குழியின் ஆழமும் ஒரு மி.மீ. போதவில்லை. கதவு 18 மி.மீ. பிளைவுட், இருபக்கமும் மைக்கா. கதவில் கனம் இருக்கிறது என்று 35 பிட்டை அப்படியே வைத்து ஓட்டக் கூடாது. பிட்டின் நடுக்கூர் மற்றதைவிட நீளம். முன்பக்க மைக்காவில் புள்ளியாகத் துருத்தினால் கதவே வீண். ஆசாரி அந்த நடுக்கூர்முனையை அரத்தில் தேய்த்துக் குட்டையாக்கி, ஒவ்வொரு குழியிலும் கையழுத்தமாக நான்கைந்து சுற்று மட்டும் விட்டார். பதினெட்டு குழி. எந்தக் கதவிலும் புள்ளி விழவில்லை.

குக்கர் வைக்கும் இடத்துக்கு மேலே இருந்த நடுத் தடுப்பு ஆவியில் ஊறி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஸ்க்ரூ கையால் சுற்றிய இரண்டு கீல்களும் அதில்தான் இருந்தன. அங்கே எந்தக் கீல் போட்டாலும் நிற்காது. கெட்ட பகுதியை ஓரடிக்கு அறுத்தெடுத்து, 710 தரப் பிளைவுட் துண்டை வைத்து ஒட்டி, விளிம்புக்குப் பட்டை ஒட்டினோம். சமையலறைக்கு ஆவியும் ஈரமும் தாங்கும் பிளைவுட்தான் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்; 2016இல் யாரோ விலையைப் பார்த்திருக்கிறார்கள்.

மாட்டி முடித்ததும் எட்டுக் கதவு அழகாகச் சாத்தின. ஒன்பதாவது, எண்ணெய்ப் பாட்டில் வைக்கும் ஒன்பது இஞ்ச் அகலக் கதவு, பாதி வழியில் சோர்ந்து நின்றது. கனமே இல்லாத கதவுக்கு இரண்டு டேம்பர் அதிகம். நாங்கள் வாங்கிய கீலில் டேம்பரை நிறுத்திவைக்கும் சின்ன விசை இருந்தது. மேல் கீலில் அதைத் தள்ளிவிட்டோம், சரியானது. வாங்கும்போது அந்த விசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. பிறகு கதவுகளின் இடைவெளியை ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த வேலையில் அவசரப்பட்டால் கதவோரம் பெட்டியில் உரசி, டேம்பர் மேல் பழி விழும்.

செலவு: கீல் 10 ஜோடி ரூ.340 வீதம் 3,400. கூலி இரண்டு நாள் 2,400. பிளைவுட் துண்டு, ஸ்க்ரூ, பட்டன், பெவிகால் 650. மொத்தம் ரூ.6,450.

புத்தக அலமாரி: முதல் முயற்சி

இங்கேயும் ஆட்டோ கீல் போட்டுவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். முடியும். 16 கிராங்க் கீல், கதவுக்கு மூன்று. ஆனால் தேக்குக் கதவின் சட்டத்தில் 35 மி.மீ. குழி பன்னிரண்டு போட வேண்டும். கதவு உட்காரச் சட்டத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தை உள்பக்கம் ரீப்பர் வைத்து நிரப்ப வேண்டும். பழைய கீல் இருந்த இடங்கள் பல்லிளிக்கும். அந்தக் கதவுகளில் ஆணி கிடையாது, எல்லாம் கழுந்து வைத்துச் சேர்த்தது. என் ஆசாரி கையை வைத்து ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஓட்ட போட எனக்கு மனசு வரல" என்றார். எனக்கும் வரவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார், சரி என்றார்.

அப்போது நான் தேர்ந்தெடுத்த வழி: டேம்பரைக் கீல் பக்கத்துக்கு மாற்றி, கைப்பிடிப் பக்கம் நல்ல மேக்னட் வைப்பது. இதற்குக் கணக்கு உண்டு. பிஸ்டன் போகும் தூரம் 10 மி.மீ. அதைக் கைப்பிடிப் பக்கம் வைத்தால், கதவு சாத்த 10 மி.மீ. இருக்கும்போதுதான் தொடும், வேகம் குறைய இடமே இல்லை. கீலிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி வைத்தால், கதவின் வெளி விளிம்பு மூன்றரை இஞ்ச் தள்ளியிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதன் ஸ்பிரிங் கதவை வெளியே தள்ளுவதும் அந்த இடத்திலிருந்து பலிக்காது. தூரத்தில் இருக்கும் மேக்னட் எளிதாக வென்றுவிடும். கணக்கு சரிதான். ஆனால் நெம்புகோலுக்கு மறுபக்கமும் உண்டு. கதவின் விளிம்பில் வருகிற விசை, கீலுக்கு அருகே ஒன்பது மடங்காகப் பிஸ்டனின் மேல் இறங்கும். பத்துக் கிலோ தேக்குக் கதவு அது. இந்தப் பக்கத்தை நான் சரியாக எடைபோடவில்லை.

மாசி மாதம் போட்டோம். இரண்டு குறை தெரிந்தது. கதவை லேசாகத் தள்ளிவிட்டு நகர்ந்தால் நான்கு விரல் இடைவெளியில் நின்றது. கையால் அழுத்திச் சாத்தினால்தான் மேக்னட் பிடித்தது. வீட்டுக்காரர் பழகிக்கொள்கிறேன் என்றார். இரண்டாவது ஆடியில் வந்தது. ஒரு மத்தியானம் கூடத்து ஜன்னலும் பின்வாசலும் திறந்திருந்தபோது காற்று இடது ஓரக் கதவை அடித்தது. டேம்பரின் பிளாஸ்டிக் கூடு இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்த எண்ணெய் கீழ்த்தட்டுப் புத்தகம் ஒன்றின் முதுகில் வழிந்திருந்தது. போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் முயற்சி

மறுநாள் போய்த்தான், சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இடது சட்டம், ஐந்தடி உயரத்தில் மேல்பக்கம் 5 மி.மீ. சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. மற்ற சட்டங்கள் நேர். நான்கு கதவில் அந்த ஒன்று மட்டும் ஏன் தானாகச் சாத்திக்கொள்கிறது என்பதற்கு இவ்வளவுதான் விஷயம். சாய்ந்த கீல்வரிசையில் தொங்கும் கதவு பள்ளம் தேடும் தண்ணீர் மாதிரி சாத்தும் பக்கம் நகரும். வழியில் காற்று சேர்ந்தால் அடிக்கும். ஆறு மாதத்துக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'சத்தத்தை எப்படிக் குறைப்பது' என்பதற்கு முன்னால், 'இந்தக் கதவை நகர்த்துவது எது' என்பது.

சட்டத்தைப் பெயர்த்து நிமிர்த்தினால் சுவர்ப் பூச்சு போகும். அதற்குப் பதில் பழைய ஆசாரிமார் கைவைத்தியம் ஒன்றைச் செய்தோம். நடுக் கீலின் பின்னை ஆணி வைத்துக் கீழிருந்து தட்டி எடுத்தோம். துருவும் பழைய எண்ணெயும் கலந்து கருப்பாக வந்தது. துடைத்துவிட்டு வாசற்படிக் கல்லில் குறுக்காக வைத்து, நடுவில் சுத்தியலால் இரண்டே தட்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வளைவு. மறுபடி கீலில் இறக்கியபோது கடைசி ஒரு இஞ்சுக்கு இறுக்கிப் பிடித்து இறங்கியது. கதவை எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது. மற்ற மூன்று கதவுக்கும் காற்றுக்காக அதையே லேசாகச் செய்தோம்.

டேம்பர்களைக் கழற்றினோம். நான்கு கதவின் மேலும் கீழும் சிலிக்கோன் பட்டன், கைப்பிடிப் பக்கம் பழைய மேக்னட். இப்போது கையால் தள்ளினால் கதவு போகிறது, பட்டனில் மெத்தென்று உட்காருகிறது, மேக்னட் பிடித்துக்கொள்கிறது. இடைவெளி கிடையாது. இதற்குக் கூலி வாங்கவில்லை.

பிறகு நடந்தது

சமையலறை வேலை முடிந்த மூன்றாம் நாள் விடியலில் தாயார் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்திருக்கிறார்: "ஏத்தா, இன்னும் எந்திரிக்கலயா? காபி போடலயா?" மருமகள் அப்போது சமையலறையில்தான் நின்றிருந்தார், பால் பொங்கிக்கொண்டிருந்தது. பல வருடம் கழித்து அந்த நேரத்தில் மாமியார் தன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. மகன் தாயாரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு கதவைத் தள்ளிவிடச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா நாலைந்து தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுதான் அடிச்சுதா இம்புட்டு நாளும்?" என்று கேட்டாராம். பழைய மனத்தாங்கல் எல்லாம் ஒரு கீலில் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். விடியற்காலைச் சண்டை நின்றது.

அந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து பதினான்கு பேர் வந்து தங்கியிருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் ஒரு கதவு மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால் ஒரு கீலின் டேம்பரில் எண்ணெய்க் கசிவு. காரணம் எளிது. மெதுவாகப் போகும் கதவைப் பார்த்த விருந்தாளிகள், சிக்கிக்கொண்டது என்று நினைத்து உள்ளங்கையால் அழுத்தித் தள்ளியிருக்கிறார்கள். அழுத்தினால் பிஸ்டனில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும். கூடுதலாக வாங்கி வைத்த ஜோடியிலிருந்து ஒன்றை மாட்டினேன்.

அதே சமயத்தில் அடுப்பை ஒட்டிய கதவு மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சாத்துவதையும் கவனித்தேன். வெயில் காலம், அடுப்பு அனல் வேறு. சூட்டில் டேம்பர் எண்ணெய் இளகும், பிடிப்பு குறையும். மார்கழியில் அதே கதவு சோம்பலாகச் சாத்தியது. இது பழுதில்லை.

கோவைப் பேரக்குழந்தை வந்திருந்தபோது மருமகள் ஒன்று கேட்டார்: "இனி பிள்ளை கை நசுங்காதுல்ல?" அப்படி நினைக்க வேண்டாம் என்று சொன்னேன். கைப்பிடிப் பக்கம் அடி மெதுவாக விழும், அவ்வளவுதான். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே கீல் பக்கம் விரலை விட்டால், மெதுவாகச் சாத்தினாலும் நசுங்கும். கீழ்த் தடுப்புகளில் பிள்ளைக்கு எட்டும் கதவுகளுக்குப் பூட்டுப் பட்டை போட்டுக் கொடுத்தேன்.

2024 சித்திரையில் கடைசியாகப் போய்ப் பார்த்தேன். பதினெட்டுக் கீலில் மாற்றியது அந்த ஒன்றுதான். அலமாரிக் கதவுகள் விட்ட இடத்தில் நிற்கின்றன. எண்ணெய் பட்ட பைண்டு புத்தகத்துக்கு வீட்டுக்காரர் புது அட்டை போட்டிருந்தார்.

இனி மாற்றிச் செய்வது

பழைய கதவுக்கு சாஃப்ட் குளோஸ் கேட்டு யார் கூப்பிட்டாலும், இப்போது அளவு டேப்போடு தூக்குக் குண்டும் எடுத்துப் போகிறேன். கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்க்கிறேன்: இழுக்கிறதா, சாய்கிறதா, சும்மா நிற்கிறதா. இழுத்தால்தான் டேம்பர் பேச்சு.

எல்லாக் கதவையும் திறந்து, கிராங்க் எண்ணைக் கதவின் உள்பக்கமே பென்சிலில் எழுதிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். பழைய கீல் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன், ஸ்க்ரூ இடைவெளி ஒத்த கீல் கிடைத்தால் மூங்கில் குச்சி வேலையும் ஒரு ராத்திரியும் மிச்சம். எப்போதும் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வீட்டிலேயே வைத்துவிடச் சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே கீல் கடையில் இருக்கும் என்று நம்ப முடியாது.

தேக்குக் கதவுக்கு டேம்பர் போடுவதில்லை. விருந்தாளிகள் விஷயத்துக்கு மட்டும் இன்னும் நல்ல வழி தெரியவில்லை. அந்த வீட்டம்மா தன் கையெழுத்தில் 'தள்ளிவிட்டால் போதும், அழுத்த வேண்டாம்' என்று எழுதி நடுக் கதவில் ஒட்டியிருக்கிறார்.